பயனிலைக்குக் காத்திருந்த தெரு

சியோல்,
ஜனவரி 6

அன்புத் தம்பி தேக்யோமுக்கு,

யுல்ஹீ அக்கா எழுதுகிறேன். நலம். உன் காவல்சாவடியில் குளிர் மைனஸ் இருபது டிகிரி என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். காலுறை இரண்டு ஜோடி போட்டுக்கொள். கேட்க மாட்டாய். எழுதி வைக்கிறேன்.

தொலைபேசி இருக்கும்போது காகிதம் எதற்கு என்று சிரிப்பாய். பட்டாளத்தில் மாலையில் மட்டும்தான் உன் கைக்குத் தொலைபேசி வரும். நான் இரண்டு வார்த்தை பேசுவேன், நீ மூன்றாவது வார்த்தையில் குறுக்கே விழுவாய், சண்டை வரும். காகிதத்தில் நீ குறுக்கே விழ முடியாது. இன்னொன்று, பட்டாளத்தான் எந்தப் பக்கமும் சாயக்கூடாது என்பது உங்கள் விதி. ஆகவே பதில் வேண்டாம். நிமிர்ந்து உட்கார்ந்து படி.

நேற்று பனியில் உட்கார்ந்திருந்தேன். தெருவில், அதிபர் மாளிகைக்குப் போகும் சாலையில், சில ஆயிரம் பேரோடு. மெல்லிய வெள்ளித்தாள் போர்வை கொடுத்தார்கள். தோளில் போர்த்திக்கொண்டோம். பனி விழுந்து விழுந்து எல்லோரும் சாக்லேட் பொட்டலம் மாதிரி ஆகிவிட்டோம். பக்கத்துப் பொட்டலம் என்னிடம் இஞ்சித் தேநீர் நீட்டியது. முகம் பார்க்கவில்லை. கையுறை மட்டும் ஞாபகம் இருக்கிறது, பச்சை.

நாடாளுமன்றம் அதிபருடைய அதிகாரத்தை நிறுத்தி வைத்துவிட்டது. அரசியல் சாசன நீதிமன்றம் அவரை வீட்டுக்கு அனுப்புமா என்பதுதான் பாக்கி. அதுவரை தெரு எங்களுடையது.

இனி அப்பா. இதைச் சொல்லத்தான் காகிதம்.

டிசம்பர் மூன்றாம் தேதி அதிபர் திடீரென்று திரையில் தோன்றி ராணுவச் சட்டம் என்றபோது எனக்கு உன் முகம்தான் வந்தது. துப்பாக்கியோடு உன்னை எங்கே ஏற்றுகிறார்களோ என்று. அப்பாவைக் கூப்பிட்டேன். தேகுவில், நம் பேனர் கடையில்தான் இருந்தார். பின்னால் தையல் இயந்திரம் ஓடியது. பேனர் ஓரம் மடித்துக்கொண்டிருந்தார். நாடாளுமன்றத்துக்குப் பட்டாளம் போகிறது என்று கத்தினேன். அவர் கேட்டார். பிறகு சொன்னார்:

“பட்டாளத்தை அனுப்புனது…”

நின்றுவிட்டார்.

அப்பாவின் வாக்கியம் உனக்குத் தெரியும். எழுவாய் வரும். செயப்படுபொருள் வரும். பயனிலை வராது. தேகு ஆண்கள் எல்லோரும் குறைவாகத்தான் பேசுவார்கள் என்று என் தோழி பித்னா சொல்கிறாள். குறைவாகப் பேசுவது வேறு. அப்பா பாதியில் இறங்கிவிடுகிற ஆள். அம்மா இருந்தவரை மீதியை அவள் போட்டாள். “சோறு…” என்பார். “ஆச்சு” என்பாள். “யுல்ஹீ பள்ளிக்கூடம்…” “போயிட்டா.” அவள் போன பிறகு நீயும் நானும் மாறி மாறிப் போட்டோம். வீட்டில் எப்போதும் யாராவது ஒருவர் அப்பாவின் பயனிலையாக இருந்தோம்.

அன்றும் போட்டேன். “சரிதான்னு சொல்றீங்க. அதானே? அந்த ஆளோட கட்சிக்குத்தானே காலமெல்லாம் பேனர் தைச்சீங்க?” என்றேன். வைத்துவிட்டேன்.

ஆறு மணி நேரத்தில் அந்தச் சட்டம் சுருண்டுவிட்டது. எங்கள் பேச்சு திரும்பவில்லை. ஒரு மாதம் ஆகிறது.

இப்போது சிரிக்க ஒன்று. இந்தப் போராட்டத்தில் எல்லோரும் கொடி பிடிக்கிறார்கள். கட்சிக்கொடி இல்லை. ‘அலாரத்தை ஐந்து முறை அணைப்போர் சங்கம்.’ ‘நெற்றியில் ஏற்றிவிட்டு மூக்குக்கண்ணாடியைத் தேடுவோர் முன்னணி.’ ‘கள்ளிச்செடியையும் சாகடித்தோர் கழகம்.’ கழகத்தில் ஒரே ஒருவர்தான், ஆனால் தலைவர். நமக்கும் ஒன்று வேண்டும் என்று பித்னா நச்சரித்தாள். நம் வீட்டு இரும்புச் சட்டியை நினைத்து ஒரு பெயர் சொன்னேன்: ‘அடிப்பிடித்த சோற்றுப் பிரியர் தேசியப் பேரவை.’ அம்மா வேண்டுமென்றே அடிப்பிடிக்க விடுவாளே, நாம் இருவரும் கரண்டியால் சுரண்டி அடித்துக்கொள்வோமே, அது.

சியோலில் கொடி தைக்கிற கடை எதிலும் இடமில்லை. பித்னா ஒரு வேலை செய்தாள். “உங்கப்பாதான் பேனர் கடைக்காரராச்சே. ஃபோன் பண்ணிச் சொல்லிட்டேன்டி!” என்றாள். எனக்குத் தலை சுற்றியது. நாங்கள் பேசாதது அவளுக்குத் தெரியாது.

“யாருக்குன்னு சொன்ன?”

“என் பேர்லதான் சொன்னேன். உன் பேரே எடுக்கல. ஆனா உங்கப்பா எந்தக் கேள்வியையும் முடிக்க மாட்டாராடி? பேரவைப் பேரைச் சொன்னதும் ரொம்ப நேரம் சத்தமே இல்ல. அப்புறம் ‘கொடி பிடிக்கிற பொண்ணு உயரம்…’ன்னாரு. சொன்னேன். ‘இடது கை…’ன்னாரு. ஆமான்னேன்.”

நேற்று முன்தினம் கொடி வந்தது. விரித்தேன். ஓரம் இரட்டைத் தையல். கழி நுழைகிற உறை இடதுகைக்காரிக்கு வாகாக. துணியில் நான்கு இடத்தில் அரைநிலா வெட்டு.

தெருவில் கட்டுகிற பெரிய பேனரில்தான் அப்படி வெட்டுவார்கள், காற்று புகுந்து போக. கைக்கொடிக்கு யாரும் வெட்ட மாட்டார்கள். நேற்று பனிக்காற்றில் மற்றவர்கள் கொடியோடு மல்லுக்கட்டினார்கள். என் கை வலிக்கவே இல்லை.

கூப்பிடவில்லை. என்ன சொல்வது? இதைப் படித்துவிட்டு அப்பாவிடம் எதுவும் உளறாதே.

பச்சைக் கையுறைக்காரர் கொடுத்த தேநீர்போல உனக்கும் யாராவது கொடுக்கட்டும்.

இரண்டு ஜோடிக் காலுறையை மறக்காத,
அக்கா யுல்ஹீ

*

சியோல்,
ஏப்ரல் 5

அன்புத் தம்பிக்கு,

ஜனவரிக் கடிதம் கிடைத்த அன்றே நீ இரண்டே வரியில் அனுப்பிய தீர்ப்பு வந்தது. ‘நீங்க ரெண்டு பேரும் பேசுற வரைக்கும் நான் லீவுல வரமாட்டேன். சாப்பாட்டு மேசையில உக்காந்து மொழிபெயர்ப்பு வேலை பாக்க என்னால ஆகாது.’

பட்டாளம் உன்னைக் கெடுத்துவிட்டது. மிரட்டக் கற்றுக்கொண்டாய். ஜூன் பதினான்கு அம்மாவின் நினைவுநாள். நீ வராமல் அவளுக்குப் படையல் வைக்க முடியாது என்று தெரிந்துதான் மிரட்டுகிறாய்.

அதற்கு வருகிறேன். முதலில் நேற்று.

நேற்று காலை நீதிமன்றத்துக்குப் பக்கத்துத் தெரு. பெரிய திரை. வெயில். செர்ரி மரத்தில் பாதி மொட்டு. என் இடப்பக்கம் ‘கள்ளிச்செடியையும் சாகடித்தோர்’ தலைவர். கணக்காசிரியராம், ஐம்பது வயது இருக்கும். வலப்பக்கம் பித்னா, நகம் கடித்தபடி. முன்னால் மகளைத் தோளில் உட்காரவைத்த ஒரு அப்பா. அந்தக் குட்டி கையில் பாட்டுக் கச்சேரியில் ஆட்டுகிற ஒளிக்கோல். பகலிலும் எரிந்துகொண்டிருந்தது.

பதினொரு மணிக்கு வாசிக்கத் தொடங்கினார்கள். இருபது நிமிடத்துக்கு மேல். ஒவ்வொரு காரணமாக. யாரும் இருமவில்லை.

கடைசி வாக்கியம் வந்தது. “எதிர்மனுதாரரான அதிபரை, பதவியிலிருந்து…”

ஒரு மூச்சு இடைவெளி. அவ்வளவுதான் இருக்கும். ஆனால் தேக்யோம், நம் மொழியில் பயனிலை கடைசியில்தானே வரும். அதுவரை வாக்கியம் எந்தப் பக்கமும் போகலாம். ‘நீக்க மறுக்கிறோம்’ என்றும் முடியலாம். நான்கு மாதப் பனி, பாட்டு, வெள்ளித்தாள், எல்லாம் அந்த ஒரு மூச்சின் இந்தப் பக்கம் நின்றன. இலக்கண வகுப்பில் எத்தனை வருடம் படித்தேன். ஒரு தெரு முழுக்கப் பயனிலைக்காக வாயைத் திறந்துகொண்டு நிற்பதை நேற்றுதான் பார்த்தேன்.

“நீக்குகிறோம்.”

அடுத்து என்ன சத்தம் என்று எழுத வரவில்லை. கணக்காசிரியர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். “அம்மா, மன்னிச்சுக்கம்மா, நீ யாருன்னே தெரியாது” என்றார். விடவில்லை. பித்னா தரையில் உட்கார்ந்துவிட்டாள். தோளிலிருந்த குட்டி, “அப்பா, இப்ப பாட்டு போடுவாங்களா?” என்று கேட்டது. போட்டார்கள். தெருவே ஆடியது. காவல்துறைப் பையன் ஒருவன் கேடயத்துக்குப் பின்னால் கால்விரலால் தாளம் போட்டான். பார்த்தேன். அவன் சாயவில்லை, கால்விரல் மட்டும்தான்.

மதியம் நூடுல்ஸ் கடை. பழைய அரண்மனைக்குப் பின் சந்தில், எல்லோரும் சித்தி என்று கூப்பிடுகிற ஒரு அம்மாள் நடத்துகிறார். நான்கு மாதமாக எங்கள் பேரவையின் தலைமையகம். யாரோ முன்கூட்டியே ஐம்பது கிண்ணத்துக்குப் பணம் கட்டி வைத்திருந்தார்கள், கடைக்கு வருகிற முதல் ஐம்பது பேருக்கு. கண்ணாடியில் ஒட்டிய சீட்டில் ஊர் பேர் இல்லை. ‘வர முடியாத ஒரு செவிலி’ என்று மட்டும். சித்தி கரண்டியை ஆட்டிக்கொண்டு அதட்டினார்: “அழறவங்க வெளிய அழுதுட்டு வாங்க! ஏற்கெனவே குழம்புல உப்பு சரியா இருக்கு!”

அந்தச் சந்தில் நின்றுதான் அப்பாவைக் கூப்பிட்டேன்.

“ம்” என்றார்.

“நான்தான்பா.”

“ம். சாப்பாடு…”

“இப்பதான்.”

தையல் இயந்திரம் நின்றது. நான் கொடியைப் பற்றிக் கேட்க நினைத்தேன். தீர்ப்பைப் பற்றி. டிசம்பரைப் பற்றி. அவர்தான் ஆரம்பித்தார். “அம்மா நாளுக்கு நீ…”

வழக்கமாக நான் போட்டுவிடுவேன். வருவேன், வரமாட்டேன், ஏதோ ஒன்று. நேற்று போடவில்லை. தெருவில் அப்போதுதான் கற்றுக்கொண்டு வந்திருந்தேன். காத்திருந்தேன். அவர் மூச்சு கேட்டது. பிறகு கடைமணி கேட்டது. “ஆள் வந்திருக்கு” என்றார். வைத்துவிட்டார்.

இதைப் பேச்சில் சேர்ப்பாயா? சேர்க்கமாட்டாய் என்று தெரியும். ‘ம்’ எல்லாம் கணக்கில் வராது என்பாய். ஆனால் நான் கூப்பிட்டதும் அவர் எடுத்தார். நான் பயனிலையைப் பிடுங்கவில்லை. இருவருக்கும் இதுவே புதிது.

லீவு விண்ணப்பத்தை வாங்கி வைத்திரு. எழுத வேண்டாம். வாங்கி மட்டும் வை.

தொண்டை கட்டிப்போன,
அக்கா

*

தேகு,
மே 27

அன்புள்ள தேக்யோம்,

முகவரியைப் பார். தேகு. நம் வீட்டு மேசை. என் இடது முழங்கைக்குப் பக்கத்தில் நீ பத்து வயதில் கத்தியால் கீறிய நாய் இருக்கிறது. பன்றி மாதிரிதான் இருக்கிறது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

பதவி போனவர்மேல் குற்ற வழக்கு நடக்கிறது, உனக்குத் தெரியும். கலகம் செய்தார் என்று. பொதுமக்கள் உட்கார்ந்து பார்க்க நீதிமன்றத்தில் கொஞ்சம் இடம் விடுகிறார்கள். பெயர் பதிந்தால் குலுக்கலில் விழும். நானும் பித்னாவும் மூன்று முறை பதிந்தோம். விழவில்லை. போன வாரம் பித்னா முழி பிதுங்கி ஓடி வந்தாள்.

“யுல்ஹீ, கோபப்படாத. உங்கப்பா என்னைக் கூப்ட்டாரு.”

“உன்னையா?”

“‘அந்த வழக்கு… கம்ப்யூட்டர்ல…’ன்னாரு. எனக்கு இப்ப அவர் பாஷை அத்துப்படி. அவர் பேரைப் பதிஞ்சுட்டேன். முதல் தடவையே விழுந்துடுச்சு!”

கோயில் குலுக்கலில் சோப்புக்கூட விழாத மனிதர். நாங்கள் இருவரும் அரைமணி நேரம் பொறாமையில் பேசவில்லை.

விசாரணை நாளன்று அதிகாலை ரயிலில் வந்தார். கல்யாணத்துக்குப் போடுகிற சட்டை. நீதிமன்ற வாசலில் நின்றேன். கொடியைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தேன், உள்ளே விடமாட்டார்கள். என்னைப் பார்த்தார். கொடியைப் பார்த்தார். “ஓரம்…” என்றார். கிழிந்திருந்தது. ஏப்ரல் ஆட்டத்தில் கிழிந்தது. பயனிலையை நான் போடவில்லை. உள்ளே போய்விட்டார்.

வெளியே இரண்டு கூட்டம். பதவி போனவருக்கு வேண்டியவர்கள் ஒரு பக்கம், எங்களவர்கள் மறுபக்கம். அந்தப் பக்கத்தில் இருந்த ஒரு பெரியம்மா எங்கள் பக்கம் வந்து, “உன் கொடியில என்னம்மா எழுதியிருக்கு?” என்று கேட்டார். விரித்துக் காட்டினேன். வாய்விட்டுச் சிரித்தார். “நானும் அடிப்பிடிச்ச சோறுதான் தின்பேன். ஆனா உங்க பக்கம் நிக்க மாட்டேன்” என்றார். பேரவையில் கட்சி கிடையாது, சேர்ந்துகொள்ளுங்கள் என்றேன். திட்டிக்கொண்டே போனார். போகும்போது எலுமிச்சை மிட்டாய் ஒன்றை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

மூன்று மணி நேரம். அப்பா வெளியே வந்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. நானும் பித்னாவும் நூடுல்ஸ் கடைக்குக் கூட்டிப்போனோம். வழியில் மெட்ரோ ரயிலில் அப்பாவும் நானும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். கொடி இரண்டு பேர் முழங்காலுக்கும் குறுக்கே கிடந்தது.

சித்தி கேட்டார்: “யாரு இவரு? உங்க பேரவைக்குப் புது உறுப்பினரா?”

“எங்கப்பா, சித்தி. கொடி தைச்சவர்.”

“அட! பேசுவாரா?”

“பாதி பேசுவார்.”

“வீட்டுக்காரங்கன்னா பாதி பேசறதே ஜாஸ்தி” என்று கிண்ணத்தை வைத்தார்.

அப்பா கரண்டியையும் குச்சியையும் எடுத்து என் கிண்ணத்துக்கு இடப்பக்கம் வைத்தார். ஆறு வயதில் என் இடது கையைத் தட்டித் தட்டி வலது கைக்கு மாற்றப் பார்த்தவர். அப்போது மாறவில்லை, கை. அதன்பின் சட்டைப்பையிலிருந்து ஊசியும் நூலும் எடுத்தார். கல்யாணச் சட்டையில் ஊசி வைத்திருக்கிறார்! கொடியை மடியில் விரித்துக் கிழிந்த ஓரத்தைத் தைக்க ஆரம்பித்தார். நூடுல்ஸ் ஆறிக்கொண்டிருந்தது.

கேட்டேன். “அப்பா, டிசம்பர்ல ஃபோன்ல என்ன சொல்ல வந்தீங்க?”

ஊசி நிற்கவில்லை. “எனக்கே தெரியல. அதான் நிறுத்துனேன்” என்றார்.

நான் என்னவோ அவர் மனதில் சரி என்றோ தவறு என்றோ ஒன்று தயாராக இருந்தது, நான்தான் தப்பாக எடுத்துப் போட்டுவிட்டேன் என்று ஐந்து மாதமாக நினைத்திருந்தேன். அங்கே ஒன்றுமே இல்லை. காலியிடம். அவர் பார்த்துக்கொண்டே நின்ற இடத்தில் நான் போய் ஆணி அடித்திருக்கிறேன்.

பிறகு அவராகவே பேசினார். இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. அதனால் அப்படியே எழுதுகிறேன்.

“அந்த ஆளை நான் பாக்கவே இல்ல. பாக்கத்தான் போனேன். சாட்சி சொல்ல ஒரு பட்டாளத்துப் பையன் வந்தான். உன் தம்பியைவிட நாலஞ்சு வயசு கூட இருக்கும். பிடரி முடி அதே மாதிரி வெட்டியிருந்தான். கேள்வி கேக்கக் கேக்க நேரா உக்காந்துகிட்டே இருந்தான். ஒருதடவை தண்ணி குடிச்சான். டம்ளரைக் கீழ வைக்கிறப்ப சத்தம் வந்துடக் கூடாதுன்னு ரெண்டு கையால வெச்சான். அதையே பாத்துட்டிருந்தேன்.”

நூலைப் பல்லால் கடித்தார். கொடியை உதறினார். அதன் பிறகு சொன்னார்:

“பட்டாளத்தை அனுப்புனது தப்பு.”

பயனிலை, தேக்யோம். நான் பித்னாவின் காலை மேசைக்கடியில் மிதித்தேன், அவள்தான் சாட்சி. சித்தி கரண்டியோடு திரும்பினார். “என்னம்மா, முழுசாவே பேசிட்டாரே!” என்றார். கடை சிரித்தது. அப்பாவுக்குக் காது சிவந்தது. குனிந்து நூடுல்ஸைச் சாப்பிட்டார், ஒரே மூச்சில், குழம்பு வரை. பித்னா தன் கிண்ணத்தை அவரிடம் நீட்டினாள். அதையும் சாப்பிட்டார்.

என் பங்கை நானும் சொன்னேன். “நானா ஒண்ணைப் போட்டுட்டு வெச்சுட்டேன்பா. மன்னிச்சுடுங்க.” அவர், “அந்தக் கட்சிக்கு பேனர் தைச்சது நெசந்தானே” என்றார். அப்புறம், “நல்லாத்தான் தைச்சேன்” என்றார். இரண்டு முழு வாக்கியம். எண்ணிக்கொள்.

மாலை ரயிலில் அவரோடு வந்துவிட்டேன். வகுப்பு போனால் போகட்டும்.

வீடு அப்படியே இருக்கிறது. கடையில் இரண்டு பேனர். ஒன்று ஒரு பல் மருத்துவமனை திறப்பு. இன்னொன்று தேர்தலுக்கு, அதே கட்சிதான். அதிலும் அரைநிலா வெட்டுகிறார், அதே கத்திரிக்கோலால். யாருக்கு ஓட்டு என்று கேட்கவில்லை. அது அவருடைய காலியிடம்.

வழக்கு இன்னும் மாதக்கணக்கில் நடக்கும் என்கிறார்கள். தீர்ப்பு என்னவாகும் என்று தெரியாது. நீ நிம்மதியாக இரு. அந்தப் பயனிலையை நீதிபதிகள் போடட்டும்.

ஜூன் பதினான்குக்குப் பேரிக்காய் சொல்லியாகிவிட்டது. காய்ந்த மீன், பச்சைப்பயறு அடை, அம்மாவுக்கு அவள் பொட்டலக் காபி, சர்க்கரை நிறைய. மின்சாரக் குக்கரை அப்பா மேலே தூக்கி வைத்துவிட்டார். இரும்புச் சட்டியைத் தேய்த்துக் கவிழ்த்திருக்கிறார். அடுப்படியில் போய் நின்று, “அன்னைக்கு சோறு…” என்றார். “அடிப்பிடிக்கட்டும்பா” என்று நான் போட்டேன். சில இடங்களில் போடலாம் என்று தோன்றுகிறது.

இரண்டு கரண்டி எடுத்து வைத்திருக்கிறேன். உன் நிபந்தனை முடிந்தது. நாங்கள் பேசிவிட்டோம். விண்ணப்பத்தில் இருக்கிற கட்டங்களை ஒன்றுவிடாமல் நிரப்பு, மேலதிகாரிக்கு வணக்கம் வை, அந்த மலையிலிருந்து இறங்கு.

நான் எழுதுவதை அப்பா எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். நீங்களும் ஒரு வரி எழுதுங்கள் என்று பேனாவைக் கொடுத்தேன். வெகுநேரம் கையில் வைத்திருந்தார். எழுவாயில் ஆரம்பித்து எங்கே நிற்பாரோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உன் பெயர் எழுதவில்லை. எங்கே, எப்போது, எதற்கு, எதுவும் எழுதவில்லை. எழுதியதைக் கீழே பார். கையெழுத்து அவருடையது.

வா.